சம்பளத்துக்கு வந்த அத்தை

டோபி வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அப்புறம் துணியை யார் துவைப்பது என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. காளியாயி இருந்தாளே.

தம்பி மகள் சுலக்ஷனா பெரியபிள்ளையான அன்று நடந்தது அது. முதல் தண்ணீர் ஊற்றும்போது பிள்ளை உடுத்தியிருக்கும் துணியை டோபி வீட்டார் எடுத்துப்போய் வெளுக்க வேண்டும். சடங்கன்று அவர்களுக்கு அரிசி, தேங்காய், வெற்றிலையோடு கூலி வைத்துத் தட்டுக் கொடுக்க வேண்டும். தோட்டத்து முறை. ஹட்டன் டவுனில் லாண்டரி வைத்திருக்கும் பழனியாண்டிக்குப் போன் போட்டார்கள். அவன் சிரித்தான்.

"வீடு வீடா வர்றதெல்லாம் எங்கப்பாவோட முடிஞ்சுதுங்க. கடைக்குக் கொண்டாந்து போடுங்க. கிலோ நானூறு. சடங்குத் துணியும் ஒண்ணுதான், இடுப்புல கட்டுற சாரமும் ஒண்ணுதான்."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்தத் துணியைக் கடைக்கு அனுப்ப ஷாமிலாவுக்கு மனம் வரவில்லை. பின்வாசல் பைப்படியில் வாளியை வைத்துவிட்டு, "அண்ணி, இத மட்டும் கொஞ்சம்..." என்றாள்.

காளியாயி துவைத்தாள்.

'இத மட்டும்' என்றுதான் அந்த வீட்டில் எல்லாம் தொடங்கியது. முதுகில் ஆபரேஷன் செய்து படுத்திருந்த ஷாமிலாவைப் பார்த்துக்கொள்ள, டயகமத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காளியாயியை ஒரு மாதத்துக்கென்று கூட்டிவந்தான் தம்பி விஜிதரன். ஷாமிலா எழுந்து பேங்க் வேலைக்குப் போய்விட்டாள். காளியாயி போகவில்லை. சமையல் இருந்தது. அப்புறம் ஷாமிலா சனி ஞாயிறில் கேக் ஓடர் எடுக்கத் தொடங்கினாள்; முட்டை அடிக்கவும் தட்டுக் கழுவவும் அண்ணி. வாத்தியாரான விஜிதரன் கராஜில் டியூஷன் வைத்தான். பிள்ளைகள் உட்காரும் வாங்கு துடைக்க அக்கா. நாய் ஒன்று வாங்கினார்கள். பிள்ளை ஆசைப்பட்டாள் என்று வாங்கியது. பிள்ளை அதோடு படம் எடுத்துக்கொண்டாள்.

அக்கா கொழுந்து பறித்துத் தம்பியைப் படிக்கவைத்த கதை இது என்று யாராவது நினைத்தால், அப்படி ஒன்றும் இல்லை. விஜிதரன் படித்தது அவனுடைய கெட்டித்தனம். அவன் அக்காவுக்குக் கடன்பட்டவன் அல்ல. அதனால்தான் காளியாயிக்குக் கேட்பது சுலபமாக இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, சோற்றைப் போட்டுக்கொண்டே, "மாசா மாசம் எனக்கு என்ன தருவீங்கன்னு ஒண்ணு பேசிக்குவோம்" என்றாள்.

விஜிதரன் பாதிச் சோற்றில் கை கழுவினான். "சொந்த அக்காவுக்கு எவனாச்சும் சம்பளம் குடுப்பானா?" என்றான். ஷாமிலா அழுதாள். "இது உங்க வீடு அண்ணி. சம்பளம் அது இதுன்னு எங்கள அசிங்கப்படுத்தாதீங்க" என்றாள். அதன் பிறகு ஒரு கிழமையாக அந்தப் பேச்சே இல்லை. காளியாயி தன் வீட்டில், அரிசி மூட்டைக்கும் பழைய பிரிட்ஜ் பெட்டிக்கும் நடுவில், பாய் போட்டுப் படுத்தாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சடங்கு.

காலையில் முதல் பஸ்ஸில் காளியாயியின் மகள் பிரியந்தி வந்து இறங்கினாள். தலவாக்கலையில் புடவைக்கடையில் வேலை பார்க்கிறவள். இராத்தங்குவது தோட்டத்து லய வரிசையில், அம்மா பேரில் உள்ள ஒற்றை அறைக் காம்பராவில். முன்வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் சுற்றிக்கொண்டு நேரே குசினிக்கு வந்தாள்.

"வீட்டுக்காரம்மா இருக்காங்களா?"

காளியாயி உழுந்துவடை தட்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "வாயக் கழுவிட்டு வா. வடை திங்கலாம்."

"எனக்கு வேணாம். தின்னா இந்தத் தட்டையும் நீதானே கழுவணும்." பிரியந்தி பையை மூலையில் போட்டாள். "அம்மா, டக்ளஸ் கண்டாக்கையா சொல்லிவிட்டிருக்காரு. நாளைக்குக் காலைல பெரட்டுக்கு நீ வந்து நிக்கலைன்னா பேர வெட்டிருவாராம்."

காளியாயியின் கை நின்றது. பெரட்டுக்களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போது ஆள் இருக்க வேண்டும். லீவு சொல்லிவிட்டு வந்தவள்தான். டக்ளஸ் ஐயா கொழுந்து மலையைப் பார்க்கிற உத்தியோகத்தர், மோசமான ஆள் இல்லை. இதுவரை ஒன்றும் சொல்லாமல் இருந்தவர்.

"திடீர்னு என்ன அவருக்கு?"

"நீ இனிமே திரும்பி வரவே மாட்டேன்னு யாரோ காதுல போட்டிருக்காங்க. பேர் வெட்டினா காம்பராவ இன்னொரு ஆளுக்குக் குடுத்துருவாங்க. கேட்டு ரெண்டு குடும்பம் நிக்கிது." பிரியந்தி குரலைத் தாழ்த்தவில்லை. "நான் எங்க போய்ப் படுக்குறது? இங்க, அரிசி மூட்டை மேலயா?"

"யாரு சொன்னதாம்?"

"அவரு சொல்லல. நான் என்ன, சட்டையப் பிடிச்சா கேக்க முடியும்?" பிரியந்தி சட்டியை எட்டிப் பார்த்தாள். "நீ இங்க யாரும்மா? அத்தையா, வேலக்காரியா?"

"ரெண்டும்தான்."

"சரி. ரெண்டுக்கும் சேத்து என்ன தர்றாங்க?"

காளியாயி வடையைத் திருப்பிப்போட்டாள். மகளுக்கு வாய் நீளம். கேள்வியில் பிழை இல்லை.

இதே கேள்வியை வந்த புதிதில் பக்கத்து டொக்டர் வீட்டு சோமாவும் கேட்டாள். அங்கே வேலைக்கு இருக்கும் சிங்களப் பெண். மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டே, மாதம் எவ்வளவு என்றாள். இது என் தம்பி வீடு என்று காளியாயி பெருமையாகத்தான் சொன்னாள். சோமா கொஞ்சம் யோசித்தாள். "எஹெனங் நிக்கங்த?" என்றாள். அப்படியென்றால் சும்மாவா என்று. கிண்டலாகக் கேட்கவில்லை, விவரம் தெரிந்துகொள்ளக் கேட்டாள். சோமாவுக்கு மாதம் நாற்பதாயிரம், ஞாயிறு லீவு, நாயைத் தொடமாட்டாள். அது பேசித் தீர்த்த வேலை.

ஷாமிலா குசினிக்கு வந்தாள். தலையில் பூவும் காதில் போனுமாக இருந்தாள். போனை வைத்துவிட்டு, கையில் இருந்த பட்டுச்சேலையையும் சிவப்பு டப்பி ஒன்றையும் நீட்டினாள்.

"வா பிரியந்தி, சாப்பிட்டியா? அண்ணி, தண்ணி ஊத்துற நேரம் மட்டும் இந்தச் சேலைய உடுத்திக்குங்க. முடிஞ்சதும் மாத்திருங்க. குசினில நின்னா எண்ணெய் தெறிச்சிரும், போகாது. இது மோதிரம், அரைப் பவுன். நீங்க பிள்ளைக்குப் போடுற மாதிரி போட்டுருங்க. எங்க சுதாகரன் அண்ணன் மாமன் சீரா சங்கிலி கொண்டு வர்றாரு. அத்தை வெறுங்கையோட நின்னா நல்லாவா இருக்கும்?"

"இது யாரு காசு ஷாமிலா?"

"நம்ம காசுதான் அண்ணி. அதென்ன கேள்வி?"

"நம்ம காசுல என் காசு எது?"

ஷாமிலா பிரியந்தியைப் பார்த்தாள். இதை அவள்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று நினைத்திருப்பாள். "இன்னிக்கு வேணாம் அண்ணி. இன்னிக்கு மட்டும் வேணாம்" என்றாள். ஷாமிலாவைக் கெட்டவள் என்று சொல்ல முடியாது. கண் மங்கியபோது காளியாயியைக் கிளினிக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். கேட்காததெல்லாம் வாங்கிக் கொடுப்பாள்.

"வடை சூடா இருக்கும்போதே முன்னால அனுப்பிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து மணிக்கெல்லாம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முற்றத்தில் போட்டிருந்த தகரப்பந்தலுக்குள் ஆட்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஷாமிலா வீட்டு ஆட்கள் முன்வரிசையில். அவள் அண்ணன் சுதாகரன் சீர்த்தட்டுகளோடு வேனில் வந்து இறங்கினார். நுவரெலியாவில் மரக்கறிக் கொமிஷன் கடை வைத்திருக்கிற ஆள், எல்லாவற்றையும் கொஞ்சம் சத்தமாகச் செய்வார். தோட்டத்துக் கோயில் பூசாரி இராமையாவைக் கார் அனுப்பிக் கூட்டிவந்திருந்தார்கள். வெற்றிலை போட்ட வாயோடு அவர் எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தார்.

காளியாயி பட்டுச்சேலையை உடுத்தி, மஞ்சள்தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மோதிர டப்பியை முந்தானையில் முடிந்திருந்தாள். வீடியோக்காரன், "அத்தை, இந்தப் பக்கம் பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்றான். அவள் பார்த்தாள்.

சுலக்ஷனா மணையில் உட்கார்ந்தாள். இராமையா கற்பூரத்தைக் காட்டிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"டோபித் தட்டு எங்க?"

விஜிதரன் குனிந்து அவர் காதருகே பேசினான். "அதெல்லாம் இப்ப யாருங்க வர்றா? லாண்டரிதானே."

"அப்ப லாண்டரிக்காரன் கூலி வாங்கிட்டானா?"

விஜிதரன் ஷாமிலாவைப் பார்த்தான்.

"வீட்டுலதான்... மெஷின்ல போட்டோம்" என்றாள் ஷாமிலா.

மணையில் இருந்த சுலக்ஷனா தலையைத் தூக்கினாள். "மெஷின் இல்லம்மா. அத்தைதானே கல்லுல தொவச்சாங்க. நான் ஜன்னலால பாத்தேன்."

பந்தலுக்குள் யாரோ சிரித்தார்கள். இராமையா சிரிக்கவில்லை.

"வெளுத்த கைக்குக் கூலி போகாம நான் அடுத்த தண்ணி ஊத்தச் சொல்லமாட்டேன். அது சும்மா எடுக்குற துணி இல்ல. நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு காச்சல் வந்தாலும் இராமையா ஒழுங்காச் செய்யலன்னுதான் சொல்வீங்க."

"மச்சான், தட்டுல எதையாச்சும் வச்சுக் குடுத்து முடிங்க. மழை வருது" என்றார் சுதாகரன்.

"யார்கிட்டங்க குடுக்குறது?" விஜிதரன் நிமிர்ந்து கேட்டான். "அக்காகிட்டயா? அவங்க அத்தை. சீர் வைக்கிறவங்க. அவங்க கையில போய் டோபித் தட்டக் குடுக்கவா?"

முன்வரிசை அசைந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். பழனியாண்டி வீட்டார் தலைமுறை தலைமுறையாகக் கைநீட்டி வாங்கிய தட்டு அது. அதை வாங்குகிறவர்கள் பந்தியில் உட்கார மாட்டார்கள், உட்காரவிட மாட்டார்கள். வேண்டாம் என்று பழனியாண்டி சிரித்துக்கொண்டே சொன்னது அதனால்தான்.

காளியாயி குடத்தை இறக்கி வைத்தாள். இடுப்பு ஈரமாகியிருந்தது.

அவள் பெரிதாக எதையும் யோசித்ததாகச் சொல்ல முடியாது. அந்தப் பந்தலில் இரண்டு தட்டு இருந்தது. ஒன்றில் அவள் வாங்காத மோதிரத்தை அவள் பேரில் வைக்க வேண்டும். மற்றதில் அவள் செய்த வேலைக்கு உரியது வர வேண்டும்.

"நான்தான் தொவச்சேன்" என்றாள். "தட்ட எனக்குக் குடுங்க."

"அக்கா!"

"நீ சும்மா இரு தம்பி." இராமையா விஜிதரனைக் கையமர்த்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "இந்தத் தட்ட வாங்கினா இன்னிக்கு நீ தண்ணி ஊத்த முடியாது தாயி. ஏதாச்சும் ஒண்ணுலதான் நிக்கலாம். யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சாச்சு."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, சிவப்பு டப்பியை ஷாமிலாவின் கையில் வைத்தாள். வீடியோக்காரன் அதையும் எடுத்தான். யாராவது நிறுத்தச் சொல்வார்கள் என்று அவன் எதிர்பார்த்திருக்கலாம்.

தட்டு தயாரானது. அரிசியும் தேங்காயும் வெற்றிலையும் உள்ளேயிருந்து வந்தன. ஷாமிலா தன் கைப்பையைத் திறந்து ஐயாயிரம் ரூபாய்த் தாள் ஒன்றை வெற்றிலை மேல் வைத்தாள்.

"இது எதுக்கு?" என்றாள் காளியாயி. "பழனியாண்டி கிலோ நானூறுன்னான். ரெண்டு கிலோ இருக்கும். எண்ணூறு போதும்."

"பரவாயில்ல அண்ணி, வச்சுக்குங்க."

"கூடக் குடுத்தா அது கூலி இல்ல ஷாமிலா. மாத்தி வை."

எண்ணூறு ரூபாய்க்குச் சில்லறை தேடினார்கள். கடைசியில் சுதாகரன்தான் எடுத்துக் கொடுத்தார். காளியாயி குனிந்து தட்டை வாங்கினாள். அந்த வீட்டில் அவள் வாங்கிய முதல் கூலி அது. பொகவந்தலாவையிலிருந்து வந்திருந்த ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி அத்தை இடத்தில் நின்று தண்ணீர் ஊற்றினாள். மழை தகரத்தில் அடிக்கத் தொடங்கியது. இராமையா கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு விஜிதரன் குசினிக்குள் வந்தான். பட்டுச்சேலை மடித்து மேசைமேல் இருந்தது. காளியாயி தன் பழைய சேலையில், கடைசியாகக் கழுவ வேண்டிய அண்டாவின் முன் குந்தியிருந்தாள். பிரியந்தி ஏனங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என் மானத்த வாங்கிட்டியேக்கா. மச்சான் வீட்டாளுங்க வேன்ல ஏறும்போது ஒரு வார்த்த பேசல."

"வடை நல்லாருந்துன்னு சொன்னாங்களே" என்றாள் பிரியந்தி.

"நீ வாயப் பொத்து." அவன் கதவைச் சாத்தினான். "உனக்கு இங்க என்ன குறை? சாப்பாடு இல்லையா, துணிமணி இல்லையா? யாராச்சும் உன்னை வாடி போடின்னாங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

"சோமாவுக்குக் குடுக்குறத எனக்குக் குடு."

"சோமா வேலக்காரி!"

"அதத்தான் நானும் சொல்றேன். என்னையும் வேலக்காரின்னு சொல்லு. சொல்லிட்டு, என்னென்ன வேலைன்னும் சொல்லு. சமையல், வீடு, துணி. கேக்கு உங்க பிசினஸ். அதுக்கு ஆள் வேணும்னா அது வேற கணக்கு. டியூஷன் வாங்கு படிக்க வர்ற பிள்ளைங்க துடைக்கட்டும், இல்லன்னா நீ துடை. நாய் எனக்கு வேணாம். ஞாயித்துக்கெழம என் மகளப் பாக்கப் போவேன். படுக்கக் கதவு உள்ள ரூம் ஒண்ணு."

விஜிதரன் வாயைத் திறந்தான். எட்டு மாதமாக அந்த வேலையை வாங்க முடிந்தவனுக்கு அதன் பேரைச் சொல்ல நாக்கு எழவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு ஷாமிலா வந்தாள். வெளியே நின்று கேட்டிருக்கிறாள். முகம் கழுவியிருந்தாள். பூவை எடுத்துவிட்டிருந்தாள். காளியாயி எதிர்பார்த்த அழுகை வரவில்லை. பேங்கில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவளின் குரலில் பேசினாள்.

"சம்பளம் தந்தா நான் கேள்வி கேப்பேன்."

"கேளு."

"பிந்தி எழும்பினா கேப்பேன். கறில உப்பு கூடினா சொல்வேன். இப்பல்லாம் நீங்க கோவிப்பீங்கன்னு எதையும் சொல்றதில்ல."

"சொல்லு. சம்பளம் வாங்குறவளுக்கு அதுல என்ன கோவம்?"

ஷாமிலாவுக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது என்றுதான் தோன்றியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி. சோமா வெளியாள். நீங்க இங்கயே சாப்பிடுறீங்க, இங்கயே தங்குறீங்க, மருந்து மாத்திரையும் நாங்கதான். அதெல்லாம் கழிச்சு, பாதி தர்றேன். இருபதாயிரம். சம்மதம்னா நாளைக்குப் பெரட்டுக்குப் போகக்கூடாது. போயிட்டுப் போயிட்டு வர்ற ஆள் எனக்கு வேணாம்."

"சோமாவும் அங்கதான் சாப்பிடுறா" என்றாள் பிரியந்தி. "அங்கதான் படுக்குறா. கதவு வேற இருக்கு."

காளியாயி அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"அரைப்பேரு போடுறா பாத்தியா?"

ஷாமிலாவுக்கு அது விளங்கவில்லை. அவள் டவுனில் பிறந்தவள். விஜிதரனுக்கு விளங்கியது. சொன்ன கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால், காலையிலிருந்து மலையில் நின்றவளுக்கும் அரைநாள் சம்பளம்தான். அதற்குத் தோட்டத்தில் அரைப்பேர் என்று சொல்வார்கள். அவர்களுடைய அம்மா அப்படிப் பல நாள் லயத்துக்கு வந்து, இஸ்தோப்புத் திண்ணையில் கூடையைக் கழற்றி எறிவாள். அன்றைக்குப் பிள்ளைகள் அவள் கிட்டே போகமாட்டார்கள்.

"எந்தக் கிலோ குறைஞ்சுச்சு தம்பி?" என்று காளியாயி கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. "சொல்லு, கேப்போம்."

காளியாயி அவனை விட்டுவிட்டு ஷாமிலாவின் பக்கம் திரும்பினாள்.

"முழுசாப் பேசுறதுன்னா நாளைக்குள்ள பேசணும்" என்றாள். "பேர் வெட்டினா என் மகளுக்குப் படுக்க இடம் இல்ல. பாதிச் சம்பளத்துக்கு நான் வீட்ட விடமுடியாது."

"நாளைக்குள்ளன்னா எப்படி? யோசிக்க வேணாமா?"

"நீ யோசி. நான் ஊருக்குப் போறேன்."

"இப்பவா?" ஷாமிலா எழுந்துவிட்டாள். "வெளியூராளுங்க இன்னும் இருக்காங்க. ராச்சாப்பாட்டுக்கு யாரு? காலைல பிள்ளைக்குக் களி கிண்டணும்."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம" என்றாள் காளியாயி. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பையில் அடங்கிவிட்டது. சுலக்ஷனா புதுச்சேலையைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு கதவடிக்கு வந்தாள்.

"அத்தை, நான் சொன்னதாலதானா?"

"நீ உள்ளத்தத்தானே சொன்ன." காளியாயி அவள் கழுத்தில் கோணலாகக் கிடந்த புதுச் சங்கிலியை நேராக்கிவிட்டாள். "நாய்க்குச் சோறு வச்சிரு. நாலு மணிக்கு அது குரைக்கும்."

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் மழை விட்டிருந்தது. டயகம பஸ்ஸில் சன்னலோரம் தாயும் மகளும் உட்கார்ந்தார்கள். தட்டில் வந்த தேங்காய் பையிலிருந்து முழங்காலில் இடித்தது. பஸ் அசைந்து புறப்படும் நேரத்தில் ஓடிவந்து ஏறியது விஜிதரன். சடங்கு வேட்டி, சட்டைக் கழுத்தில் மஞ்சள். நனைந்திருந்தான். அவர்களுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தான்.

பிரியந்தி திரும்பிப் பார்த்துவிட்டு அம்மாவை இடித்தாள். காளியாயி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டவுன் கழிந்து தேயிலை தொடங்கியதும் அவன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"அக்கா, டக்ளஸ் ஐயாவுக்குச் சொன்னது நான்தான்."

காளியாயி தேங்காய்ப் பையைக் காலடியில் இறக்கி வைத்தாள்.

"போன ஞாயிறு நீ சம்பளம்னு கேட்டியே, அன்னிக்கே போன் பண்ணேன். அக்கா இனி எங்களோடதான், பேர எடுத்துருங்கன்னு சொன்னேன். நீ போயிட்டா ஷாமிலா வேலைய விடணும். வீட்டுக் கடன் இருக்கு. போறதுக்கு எடம் இல்லைன்னா நீ இருந்துருவேன்னு நெனச்சேன்."

"மாமா!" என்று பிரியந்தி எழும்பப் போனாள். காளியாயி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ஷாமிலாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

காலையிலிருந்து ஷாமிலாவைத்தான் காளியாயி சந்தேகப்பட்டிருந்தாள். இருபதாயிரம் என்று பேரம் பேசியவள் நேரே முகத்தைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறாள்.

"நாளைக்கு உனக்கு ஸ்கூலா?"

"ம்."

"லீவு போடு. காலைல பெரட்டுக்களத்துக்கு வந்து, எல்லாரும் நிக்கிற எடத்துல, சொன்ன வாயாலயே மாத்திச் சொல்லு. எங்கக்கா எங்க வீட்டுல வேலக்காரியாத்தான் இருந்தா, சம்பளம் குடுக்கல, திரும்பி வந்துட்டான்னு சொல்லு."

விஜிதரனின் கை கம்பியை விட்டது. டயகமவில் அவன் வாத்தியார், விஜி சேர். பெரட்டுக்களத்தில் நிற்பவர்களில் பாதிப்பேரின் பிள்ளைகளுக்கு அவன்தான் கணக்குப் படிப்பித்தவன்.

மல்லியப்புச் சந்தியில் பஸ் நின்றது. அங்கே இறங்கினால் டவுனுக்குத் திரும்ப த்ரீவீல் கிடைக்கும். மரக்கறி மூட்டையோடு ஒரு கிழவி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினாள். விஜிதரன் எழுந்து நின்றான். கிழவி அவன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். கதவு இன்னும் திறந்திருந்தது.

டிக்கட் போடுகிறவன் முன்னாலிருந்து வந்தான். காளியாயி முந்தானை முடிச்சை அவிழ்த்து, தட்டில் வந்த காசிலிருந்து ஒரு தாளை நீட்டினாள்.

"மூணு பேரா?"

"ரெண்டு டயகம" என்றாள் காளியாயி. "அவரு எங்க போறாருன்னு அவர்கிட்டயே கேளுங்க."